62 ரெஃபரன்ஸ், ஒரு ராத்திரி: கையால் அடிப்பதா, மென்பொருளிடம் விடுவதா?

பென்னாகரத்தான்:
பென்னாகரம், பாலக்கோடு பக்கம் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு பற்றி எழுதிய கட்டுரை ரிவியூவுக்கே போகாமல் திரும்பி வந்துவிட்டது. காரணம் இரண்டே வரி: ரெஃபரன்ஸ் எங்கள் ஸ்டைலில் இல்லை, கட்டுரைக்குள் இருக்கும் எண்ணும் கடைசிப் பட்டியலும் ஒத்துப்போகவில்லை. அவர்கள் கேட்பது வான்கூவர், அதாவது ரெஃபரன்ஸுக்கு எண் போடும் ஸ்டைல். நான் முதலில் வேறு ஜர்னலுக்காக ஏபிஏ-வில் (ஆசிரியர் பெயரும் ஆண்டும் போடும் ஸ்டைல்) செய்து, பிறகு எண்ணுக்கு மாற்றியது. மொத்தம் 62. எல்லாம் ஜோட்டேரோ என்ற ரெஃபரன்ஸ் மென்பொருளில்தான் இருக்கிறது. லேப் சீனியர், "அதைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்து கையால் அடி, இரண்டு ராத்திரி வேலை" என்கிறார். செய்யலாமா?

கார்டுப்பெட்டி:
சீனியர் சொன்னதுதான் சரி தம்பி. நாங்கள் படித்த காலத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கார்டு, ஷூ டப்பாவில் அகர வரிசையில் இருக்கும். கார்டு எழுத வேண்டுமென்றால் கட்டுரையைக் கையில் எடுத்தாக வேண்டும். இப்போது ஒரு பட்டனை அமுக்கினால் உள்ளே வந்துவிடுகிறது, அதனால் யாரும் முதல் பக்கத்தைத் தாண்டுவதில்லை. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "இந்த 37-வது ஆள் என்ன சொல்கிறார்" என்று கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள். கையால் அடி, அடிக்கும்போதே எது வேண்டாத ரெஃபரன்ஸ் என்று தெரிந்துவிடும்.

ஓசூர் நைட்ஷிஃப்ட்:
சார், படிக்காதது ஸ்காலர் தப்பு, மென்பொருள் மேல் ஏன் பழி? வான்கூவரில் எண் என்பது கட்டுரைக்குள் எது முதலில் வருகிறதோ அந்த வரிசை. 14-வது இடத்தில் புதிதாக ஒன்றைச் செருகினால் அதற்குப் பின்னால் இருக்கும் 49-உம் நகர வேண்டும், கட்டுரைக்குள் எங்கெல்லாம் அந்த எண்கள் இருக்கிறதோ அங்கெல்லாமும். ரிவியூவர் "இந்த நான்கையும் சேர்" என்று சொல்லாமல் விடுவாரா? அதையும் கையால் செய்வீர்களா? இந்த ஜர்னல் திருப்பி அனுப்பி அடுத்தது ஏபிஏ கேட்டால்? ஜோட்டேரோ 2006-இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, ஸ்டைல் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கிறது, மாற்ற ஒரு நிமிடம். வாபஸ் வாங்கப்பட்ட கட்டுரையை எடுத்து வைத்திருந்தால் சிவப்பில் எச்சரிக்கையும் காட்டும். ஷூ டப்பா காட்டுமா?

கார்டுப்பெட்டி:
டப்பா காட்டாது. ஆனால் டப்பா "ஆர்கனைசேஷன் டபிள்யூ.எச்." என்று ஒரு ஆசிரியரை உருவாக்கவும் செய்யாது. போன மாதம் ஒரு தீசிஸில் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டிக்கு இப்படி ஒரு ஆசிரியர். யாரோ குடும்பப்பெயர் ஆர்கனைசேஷனாம், இனிஷியல் டபிள்யூ.எச்.-ஆம்.

கொள்ளுக்காடு:
இதில் நான் கார்டுப்பெட்டி சார் பக்கம், ஆனால் பாதிதான். அந்தக் கோளாறு எல்லாருக்கும் வருவது. நிறுவனப் பெயரை மென்பொருள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று பிரித்துவிடும், ஆசிரியர் கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் சின்ன பட்டனை அமுக்கி ஒரே கட்டமாக்கினால் தீர்ந்தது. பென்னாகரத்தான் தம்பி, ஃபுளோரைடு என்றால் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500-ஐ எடுத்திருப்பீர்கள்தானே (லிட்டருக்கு ஏற்கத்தக்கது 1.0, வேறு வழியில்லாவிட்டால் 1.5 மில்லிகிராம் வரை), அதன் ஆசிரியர் இந்தியத் தர நிர்ணய அமைவனம், அதையும் பாருங்கள். நிச்சயம் உடைந்திருக்கும்.

உண்மையான தலைவலி நம் ஊர்ப் பெயர்கள். நமக்கு ஏது குடும்பப்பெயர்? கே. முருகன் என்று எழுதினால் முருகன் கே. என்று வந்துவிடும், பரவாயில்லை. அதே ஆள் இன்னொரு கட்டுரையில் இனிஷியலை விரித்து முருகன் கந்தசாமி என்று போட்டிருந்தால் "கந்தசாமி எம்." ஆகிவிடுகிறது. ஆராய்ச்சி செய்தது மகன், சைட்டேஷன் போவது அப்பாவுக்கு! முருகன் கே. என்று போட்டிருந்தால் சில இடத்தில் குடும்பப்பெயரே "கே" ஆகிவிடும். டிஓஐ (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள தனி அடையாள எண்) கொடுத்து இழுத்தால் பதிப்பகம் கொடுத்த தகவல்தான் வரும், அவர்கள் தப்பாகக் கொடுத்திருந்தால் தப்பு அப்படியே வரும். கூகுள் ஸ்காலரிலிருந்து இழுத்தால் இன்னும் மோசம், பக்க எண் பாதிக்கு இருக்காது.

ஓசூர் நைட்ஷிஃப்ட்:
அக்கா சொல்வது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையால் அடித்தாலும் கந்தசாமிதான் வருவார், பிடிஎஃப்பில் அப்படித்தானே இருக்கிறது. மென்பொருளில் ஒரு தடவை திருத்தினால் போதும்.

இன்னொன்று, இந்த வேலையே முதலில் தேவையா என்று யாரும் கேட்கவில்லை. எல்சிவியர் பதிப்பகத்தின் பல ஜர்னல்கள் முதல் தடவை எந்த ஸ்டைலில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கின்றன, ஒரே மாதிரி இருந்தால் போதும். ஏற்றுக்கொண்ட பிறகு அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.

கார்டுப்பெட்டி:
அந்த "ஒரே மாதிரி" தான் தம்பி யாரிடமும் இல்லை. ஒன்றில் ஜர்னல் பெயர் முழுசாக, அடுத்ததில் சுருக்கமாக. ஒன்றில் ஆறு பேருக்குப் பிறகு "மற்றும் பலர்", அடுத்ததில் பதினோரு பேரும் வரிசையாக. சில பிள்ளைகள் ஏஐ-யிடம் கேட்டு வாங்குகிறார்கள், இல்லாத கட்டுரைக்கு அழகாக ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாம் போட்டுத் தருகிறது. டிஓஐ-யை அடித்துப் பார்த்தால் ஒன்றும் திறக்காது.

நாலுரோடு டிடிபி:
பேசலாமா தெரியவில்லை, நான் ஸ்காலர் இல்லை, தர்மபுரியில் டைப்பிங் கடை. தீசிஸ் நிறைய வரும். ரெஃபரன்ஸ் எண்ணைத் தொட்டால் சாம்பல் நிறமாகத் தெரியும், "கைடு திட்டுகிறார், அதை எடுத்துவிடுங்கள்" என்பார்கள். நாங்கள் எல்லாவற்றையும் செலக்ட் செய்து கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 அடிப்போம். சாம்பல் போய்விடும். அது தப்பா?

ஓசூர் நைட்ஷிஃப்ட்:
அண்ணா!!! அது எல்லா இணைப்பையும் அறுத்துவிடும். அதற்குப் பிறகு அது வெறும் எழுத்து, ஜோட்டேரோவுக்கு அங்கே ரெஃபரன்ஸ் இருப்பதே தெரியாது.

பென்னாகரத்தான்:
நான் கடையில் கொடுத்துத்தான் அலைன்மென்ட் செய்தேன். அப்புறம் கைடு இரண்டு கட்டுரை சேர்க்கச் சொன்னார், கடையிலேயே உட்கார்ந்து 14, 15 என்று அடித்தோம். பட்டியலில் சேர்ந்தது. உள்ளே மீதி எண் எதுவும் நகரவில்லை.

நாலுரோடு டிடிபி:
கைடு பச்சை மையில் திருத்திய காப்பியா தம்பி?

பென்னாகரத்தான்:
ஆமாம் அண்ணா.

நாலுரோடு டிடிபி:
சரி. நம்ம கடைதான்.

பென்னாகரத்தான்:
கடைக்குப் போவதற்கு முன் கைடுக்கு மெயிலில் அனுப்பிய ஃபைல் கிடைத்துவிட்டது, அதில் இணைப்பு உயிரோடு இருக்கிறது. கைடு சொன்ன இரண்டு கட்டுரையையும் ஜோட்டேரோ வழியாகவே சேர்த்து வான்கூவருக்கு மாற்றினேன், எண் எல்லாம் தானாக நகர்ந்தது. பிறகு கார்டுப்பெட்டி சார் சொன்னதற்காக 62 பிடிஎஃப்பையும் திறந்து வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்பது தப்பு. அமைவனம் உடைந்துதான் இருந்தது, அக்கா சொன்ன மாதிரியே. மூன்று இடத்தில் அப்பா பெயர், அதில் ஒன்று என் கைடோடது. நான் படிக்காமலே போட்டிருந்த இரண்டு கட்டுரையை எடுத்துவிட்டேன், இப்போது 60.

கார்டுப்பெட்டி:
ஒன்பதையும் பிடித்தது கண்ணும் கையும்தானே?

ஓசூர் நைட்ஷிஃப்ட்:
இரண்டை எடுத்த பிறகு எண்ணை எல்லாம் திரும்பப் போட்டது யார் சார்?

நாலுரோடு டிடிபி:
இனிமேல் எஃப்9 தொட மாட்டேன். சாம்பல் நிறம் பிரிண்டில் வராது என்று கைடுகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் நம்ப மாட்டார்கள்.