முப்பது வயதைக் கடந்த ரோட்ஸ்டருக்கு முதலில் எது: ரிம்மா, ஸ்பிரிங்கா, டயரா?

உப்புவெளிக்காரன்

1992 இல் உற்பத்தியான யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்று என்னிடம் உள்ளது. ஜப்பானுக்கு வெளியே மஸ்டா எம்எக்ஸ்-5 என்ற பெயரில் விற்கப்பட்ட அதே கார்தான். 1600 சிசி என்ஜின், பின்சில்லு இயக்கம், ஏறத்தாழ 950 கிலோகிராம் எடை. என்ஜினும் கியர் பெட்டியும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஆனால் திருகோணமலையிலிருந்து கந்தளாயைத் தாண்டி ஹபரணை நோக்கிச் செல்லும் நேர் வீதியில் வேகம் 80 ஐக் கடந்ததும் கார் மிதக்கிறது. ஒரு மேடு பள்ளத்தைக் கடந்தால் இரண்டு மூன்று தடவை ஆடிய பிறகே அடங்குகிறது. பிரேக்கை அழுத்தினால் இடப்பக்கம் சற்று இழுக்கிறது. டயர்கள் தொழிற்சாலை அளவான 185/60 ஆர்14 (அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 60 வீதம், ரிம் 14 அங்குலம்). தவாளிப்புகள் ஆழமாகவே இருந்தாலும் பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. இந்த வருடம் ஒரு பெரிய வேலைக்கு மட்டுமே என்னிடம் பணம் இருக்கிறது. கொயில்ஓவர் தொகுதியுடன் (உயரத்தை மாற்றக்கூடியபடி ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றாகச் சேர்ந்தது) 17 அங்குல அலோய் ரிம் போடுவதா, அல்லது புஷ் (மூட்டுகளில் உள்ள இறப்பர் உருளை), ஷொக் அப்சோர்பர், டயர் ஆகியவற்றைப் பழைய அளவிலேயே புதுப்பிப்பதா என்பதில் முடிவுக்கு வர முடியவில்லை.

துறைமுகக் காற்று

தம்பி, நான் கொயில்ஓவரின் பக்கம். நீங்கள் எப்படியும் நான்கு ஷொக்கும் வாங்கத்தான் போகிறீர்கள். அசல் ஷொக் நான்கையும் தனித்தனியாகத் தேடிப் பிடித்து, பழைய ஸ்பிரிங்கின் மீதே அவற்றைப் பொருத்துவதற்கு ஆகும் செலவோடு இன்னும் சிறிது சேர்த்தால், ஸ்பிரிங், ஷொக் இரண்டும் ஒன்றாகப் புதிதாகிவிடும். காரின் உயரத்தையும் இறுக்கத்தையும் உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். முப்பது வருடமாக அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங்கை நம்பிப் புதிய ஷொக் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ரிம்மைப் பொறுத்தவரை, 14 அங்குலத்தில் இங்கே கிடைக்கும் டயர்களில் பெரும்பாலானவை சிறிய குடும்பக் கார்களுக்காகச் செய்யப்பட்டவை. எரிபொருள் சிக்கனத்துக்கும் நீண்ட பாவனைக்கும் உரிய அந்த இறப்பர்க் கலவை, ஒரு விளையாட்டுக் காருக்குத் தேவையான பிடிப்பைத் தராது. நல்ல பிடிப்புள்ள டயர் வேண்டுமானால் பெரிய ரிம்முக்குப் போகத்தான் வேண்டும். 17 அங்குலத்தில் 205/40 போட்டால் பக்கச் சுவர் குறையும், ஸ்டியரிங்கைத் திருப்பிய கணமே கார் திரும்பும். காபட் வீதிகள் வந்தபிறகு உயரமான பக்கச் சுவருக்கு முன்பிருந்த அவசியமும் இல்லை.

கிண்ணியா கராஜ்

துறைமுகக் காற்று சொல்வதில் டயர்ச் சந்தை பற்றிய பகுதி உண்மை. மற்றவற்றை நான் ஏற்கவில்லை.

முதலில் கார் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். மேட்டைக் கடந்து இரண்டு மூன்று தடவை ஆடுகிறது என்றால் ஷொக் இறந்துவிட்டது. பிரேக்கில் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால், கலிப்பர் இறுகியிருக்கிறதா என்று பார்த்தபின், சில்லை உடலோடு இணைக்கும் கீழ்க் கையின் புஷ்ஷைப் பார்க்க வேண்டும். இந்தக் காரின் நான்கு மூலைகளிலும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கைகள் கொண்ட இரட்டை விஷ்போன் அமைப்பு இருக்கிறது. ஒவ்வொரு கையும் உடலோடு சேருமிடத்தில் இறப்பர் புஷ் இருக்கிறது. அந்த இறப்பர் வெடித்துத் தளர்ந்துவிட்டால், பிரேக் போடும்போதும் வளைவில் பாரம் ஏறும்போதும் சில்லின் கோணம் தன்பாட்டில் மாறும். அந்த நிலையில் எந்த விலையுயர்ந்த கொயில்ஓவரைப் போட்டாலும், அது தளர்ந்த மூட்டுகளின் மீதுதான் வேலை செய்யும். இறுகிய ஸ்பிரிங் அந்த மூட்டுகளுக்கு இன்னும் அதிக அடியைக் கொடுக்கும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு விடயம் இருக்கிறது. இந்தக் காரில் கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சில்லின் சாய்வு), காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு), பின்சில்லின் டோ (சில்லின் முன்விளிம்பு உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) ஆகியவற்றைச் சரிசெய்வதற்குக் கீழ்க் கைகளில் மையம் விலகிய கேம் போல்ட்டுகள் இருக்கின்றன. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடற்காற்றில் நின்ற காரில் இந்தப் போல்ட்டுகள் புஷ்ஷின் உள்ளிருக்கும் இரும்புக் குழாயோடு துருவால் ஒட்டிவிடும். பிறகு வீல் எலைன்மன்ட் செய்ய முடியாது. செய்பவர் முன்சில்லின் டோவை மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார். ஆகவே எதை வாங்குவதற்கு முன்னும் காரைத் தூக்கி, இந்தப் போல்ட்டுகள் அசைகின்றனவா என்று பாருங்கள். அசையாவிட்டால் வெட்டி எடுத்து, புதிய போல்ட்டும் புஷ்ஷும் போட்டு, கிறீஸ் பூசிப் பூட்ட வேண்டும். பணத்தின் முதற்பங்கு அங்கேதான் போக வேண்டும்.

சல்லி வாசி

நான் இன்னும் ஒரு படி பின்னே நிற்கிறேன். 14 அங்குலத்தை விட்டே போகத் தேவையில்லை. இந்தக் காரை வடிவமைத்தவர்கள் எடையைக் குறைப்பதையே முதல் நோக்கமாகக் கொண்டு செய்தார்கள். அதன் அசல் அலோய் ரிம்மும் அந்த எண்ணத்தோடு செய்யப்பட்டதுதான். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடினால், பள்ளத்தில் இறங்கிய சில்லு மீண்டும் வீதியைத் தொடுவதற்கு எடுக்கும் நேரமும் கூடும், அந்த நேரத்தில் டயருக்குப் பிடிப்பு இருக்காது. 17 அங்குல ரிம்மில் எடையின் பெரும்பகுதி வெளி விளிம்பில் இருப்பதால், 1600 சிசி என்ஜின் அதைச் சுழற்றுவதற்கும் பிரேக் அதை நிறுத்துவதற்கும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

கணக்கையும் பாருங்கள். 185/60 ஆர்14 டயரின் விட்டம் ஏறத்தாழ 578 மில்லிமீட்டர். 205/40 ஆர்17 இன் விட்டம் 596. மூன்று வீதம் பெரியது. ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிடும், வேகமானி 100 காட்டும்போது கார் 103 இல் ஓடும். பக்கச் சுவரோ 111 மில்லிமீட்டரிலிருந்து 82 ஆகக் குறைகிறது. ஹபரணை வீதி காபட் வீதிதான், ஆனால் கார் ஓடுவது அதில் மட்டுமல்ல. உள் ஒழுங்கைகளில் மழைக்குப் பிறகு எத்தனை குழிகள் திறக்கின்றன என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

துறைமுகக் காற்று

அக்கா, உங்கள் கணக்கு சரி. 17 ஐ நான் விட்டுக்கொடுக்கத் தயார், 16 க்கு வருகிறேன். 205/45 ஆர்16 இன் விட்டம் 591 தான். ஆனால் அசல் அளவிலேயே நிற்க வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன். இரவில் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை குறுக்கே வரும் வீதி அது; ஊருக்குள் மாடும் மானும் படுத்திருக்கும். அந்தக் கணத்தில் காரை நிறுத்துவது டயரின் பிடிப்பு மட்டுமே. அசல் தோற்றத்துக்காகப் பலவீனமான டயரை வைத்திருப்பது எந்த வகையில் நியாயம்?

கொயில்ஓவர் பற்றிய அச்சமும் மலிவான தொகுதிகளால் வந்தது. ஸ்பிரிங்கின் கீழ்த்தட்டை மட்டும் ஏற்றி இறக்கும் வகையில், காரைத் தாழ்த்தும்போது ஷொக் அமுங்குவதற்கான தூரமும் குறைந்துபோகிறது. அடிப் பிடியைத் தனியாகத் திருகி நீளத்தை மாற்றும் வகையில் அந்தக் குறை இல்லை. அப்படிப்பட்டதை வாங்கி, உயரத்தை அதிகம் குறைக்காமல் வைத்தால், கிண்ணியாப் பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போதும் கார் அசையாமல் போகும்.

கிண்ணியா கராஜ்

நீங்கள் சொல்லும் நல்ல வகையின் விலையை உப்புவெளித் தம்பி கேட்டால், புஷ்ஷுக்கும் டயருக்கும் பணம் மிஞ்சாது. அவர் கையில் இருப்பது ஒரு வேலைக்கான பணம். அதை மறந்துவிட்டு நாம் வாதிடுகிறோம்.

மேலும், இந்தக் காரில் சில்லு மேலே எழுவதற்கான தூரம் தொழிற்சாலையிலிருந்தே குறைவு. அதனால்தான் ஷொக்கின் தண்டில் உள்ள பஞ்சு போன்ற பம்ப் ஸ்டொப், கடைசித் தடையாக மட்டுமல்லாமல், துணை ஸ்பிரிங்காகவும் வேலை செய்கிறது. காரைத் தாழ்த்தியவர்கள் பலர் கார் கல்லுப்போல இருக்கிறது என்று வந்து சொல்வதற்குக் காரணம் ஸ்பிரிங்கின் இறுக்கமன்று. கார் எந்நேரமும் அந்தப் பம்ப் ஸ்டொப்பின் மீதே உட்கார்ந்திருப்பதுதான். வளைவில் அது சடுதியாக இறுகினால் பின்பகுதி சறுக்கும். வெளிநாட்டு வீதியில் எழுதப்பட்ட பரிந்துரையை அப்படியே நம் வீதிக்குக் கொண்டுவரக் கூடாது. பழைய ஸ்பிரிங் பற்றிய சந்தேகத்துக்கு அளவுநாடா போதும்: சில்லின் மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து பாருங்கள். இடமும் வலமும் ஒத்திருந்து, ஸ்பிரிங்கில் முறிவோ ஆழ்ந்த துருவோ இல்லையென்றால் அது இன்னும் உழைக்கும்.

ஆகவே என் ஆலோசனை இது: தொழிற்சாலை உயரத்துக்குரிய நல்ல ஷொக். பில்ஸ்டீன் கிடைத்தால் அதைவிட வேறு வேண்டாம். இதே காரின் எஸ் ஸ்பெஷல் வகைக்கு மஸ்டாவே அதைப் பொருத்தி விற்றது. புதிய பம்ப் ஸ்டொப், புதிய புஷ், கேம் போல்ட். ரிம் 15 அங்குலம், டயர் 195/50 ஆர்15. விட்டம் 576 மில்லிமீட்டர் என்பதால் வேகமானியும் கியரும் மாறாது. துறைமுகக் காற்று கேட்கும் பிடிப்புள்ள டயரும் அந்த அளவில் கிடைக்கும், சல்லி அக்கா கேட்கும் எடைக் குறைவும் பெருமளவு தங்கும்.

சல்லி வாசி

நானா, 195/50 ஐ ஏற்றுக்கொள்கிறேன். அதற்கு மேல் அகலம் வேண்டாம். ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் தை வரை நம் வீதிகளில் தண்ணீர் நிற்கும். இவ்வளவு இலேசான காரில் டயர் அகலமாக அகலமாக, அது தண்ணீரைக் கிழித்து வீதியைத் தொடுவது கடினமாகிறது. காய்ந்த வீதியில் பிடிப்பைத் தரும் அதே அகலம் மழையில் மிதப்பைத் தரும் என்பதை இதுவரை யாரும் சொல்லவில்லை.

புஷ் விடயத்தில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. இறப்பரைவிடப் பொலியூரித்தேன் புஷ் இந்த வெயிலுக்கும் உப்புக்கும் நீடித்து நிற்காதா? ஒரு தடவை கைகளைக் கழற்றிப் பூட்டும் கூலியே பெரிதாக இருக்கும்போது, இன்னொரு தடவை அதே வேலைக்குப் போகாதிருப்பது நல்லதல்லவா?

கிண்ணியா கராஜ்

நீடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் பொலியூரித்தேன் புஷ் முறுகாது. உள்ளே உள்ள குழாயின் மீது வழுக்கிச் சுழல்கிறது. அதற்குக் கிறீஸ் தேவை. நம் கடற்கரை மணலும் புழுதியும் அந்தக் கிறீஸோடு சேர்ந்தால் கிறீச்சிடத் தொடங்கும், பிறகு தேயும். கராஜில் அடிக்கடி நிற்கக்கூடிய காருக்கு அது பொருத்தம். கோணேசர் கோயிலுக்கும் நிலாவெளிக்கும் குடும்பத்தோடு போய்வரும் காருக்கு இறப்பர்தான்.

இறப்பர் போடும்போது ஒரு விதியைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும், பல இடங்களில் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கார் ஜக்கில் தூக்கப்பட்டு, சில்லுகள் தொங்கும் நிலையில் போல்ட்டுகளை இறுக்கக் கூடாது. இறப்பர் புஷ் தன் இரு குழாய்களோடும் ஒட்டியிருப்பதால், தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு காரைக் கீழே இறக்கினால், அது எந்நேரமும் முறுகியபடியே இருக்கும். சில மாதங்களிலேயே கிழிந்துவிடும். போல்ட்டைத் தளர்வாக விட்டு, காரைத் தன் சில்லுகளில் நிறுத்தி, ஆட்டி அமர்த்தி, அதன்பிறகே இறுக்க வேண்டும். வேலை செய்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்ன பிறகு அருகில் நில்லுங்கள்.

துறைமுகக் காற்று

15 அங்குலத்தில் உடன்படுகிறேன். ஆனால் உயரத்தை அப்படியே விட்டால் வளைவில் கார் சாய்வது நீங்காது. ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் ஒரு தடவை ஓட்டினால் தெரியும்.

கிண்ணியா கராஜ்

ஷொக் உயிரோடு இருந்தால் கார் சாயும் வேகம் குறையும். மீதிக்கு, முன்புறத்தில் சற்றுத் தடித்த அன்டி ரோல் பார் (இடச் சில்லையும் வலச் சில்லையும் இணைத்துச் சாய்வைத் தடுக்கும் கம்பி) போடலாம். உயரமும் போகாது, பள்ளத்தில் மென்மையும் பெரிதாகப் போகாது. ஆனால் அது அடுத்த வருடத்துக்கான வேலை.

உப்புவெளிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இன்று காரைத் தூக்கிப் பார்த்தேன். முன்பக்கக் கேம் போல்ட்டுகள் எல்லாம் அசைகின்றன. பின்பக்கத்தில் ஒன்று அசையவே இல்லை. முன் கீழ்ப் புஷ்ஷில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கம் 2314 என்றிருக்கிறது. 15 அங்குல ரிம்மைக் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பாவித்ததாக வாங்கினால் எதைக் கவனிக்க வேண்டும்?

கிண்ணியா கராஜ்

2314 என்றால் 2014 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். தவாளிப்பு எவ்வளவு இருந்தாலும் அந்த இறப்பர் கல்லாகியிருக்கும். மழை தொடங்கும் முன் கழற்றிவிடுங்கள்.

ரிம்முக்கு: நான்கு போல்ட் துளை, அவை அமையும் வட்டம் 100 மில்லிமீட்டர், நடுத்துளை 54.1 மில்லிமீட்டர். டொயோட்டா விட்ஸ், கொரோலா 121 ஆகியவற்றின் ரிம்முக்கும் இதே நடுத்துளைதான், அதனால் நேராகப் பொருந்தும். ஹொண்டா ரிம்மின் நடுத்துளை 56.1, இடைவளையம் இல்லாமல் போட்டால் ஸ்டியரிங் நடுங்கும். அகலம் 6 அல்லது ஆறரை அங்குலம், ஒஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து பூட்டும் முகம் விலகியிருக்கும் தூரம்) 40 மில்லிமீட்டருக்கு அண்மையில் இருக்கட்டும். ரிம்மின் உட்புறத்தைத் துடைத்துவிட்டு ஒட்டு வைத்த தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள், வெளிப்புறப் பெயின்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெலன்ஸ் இயந்திரத்தில் சுழற்றிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். நட்டின் கூம்பு ரிம்மின் இருக்கையோடு ஒத்துப்போக வேண்டும்.

துறைமுகக் காற்று

காற்று எவ்வளவு அடிப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள் நானா. டயர்க் கடையில் எல்லாக் காருக்கும் 32 இறாத்தல் (பிஎஸ்ஐ) அடித்து அனுப்புகிறார்கள்.

கிண்ணியா கராஜ்

இந்தக் காருக்கு மஸ்டா குறித்தது 26 இறாத்தல். 195/50 க்கு 27, 28 வரை போகலாம். 32 அடித்தால் இலேசான கார் வீதியில் துள்ளும். டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில் அளக்க வேண்டும். எலைன்மன்ட் செய்யும்போது சாரதி ஆசனத்தில் உங்கள் எடைக்கு யாராவது இருக்கட்டும். முன்சில்லுக்கு ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாகவும் பின்சில்லுக்கு அதைவிடச் சற்று அதிகமாகவும் எதிர்க் கேம்பர், பின்பக்கம் சிறிதளவு உள் டோ என்று கேளுங்கள். பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் அந்தப் போல்ட்டை வெட்டி எடுத்த பிறகுதான் இதையெல்லாம் செய்ய முடியும், அதற்கு முன் எலைன்மன்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.