ஐந்து குழு ஒன்பதாகிவிட்டது, மேடை ஒன்றுதான்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். கோடையில் திறந்தவெளியில் நடக்கும் இசை விழா ஒன்றுக்கு மேடைப் பொறுப்பை ஒப்புக்கொண்டு விழிக்கிறேன். முதலில் ஐந்து இசைக்குழுக்கள். போன வாரம் இன்னும் நான்கு சேர்ந்துவிட்டன. சந்தோஷம்தான், ஆனால் நேரம் பிற்பகல் 3 முதல் இரவு 10 வரை மட்டுமே. ஒரு குழுவுக்கு 35 நிமிடம் என்றால் 315 நிமிடம் போய்விடும். மீதி 105 நிமிடத்தில் எட்டு முறை மேடை மாற்ற வேண்டும். அதாவது தடவைக்கு 13 நிமிடம்!

டிரம்ஸும் பேஸ் ஆம்ப்பும் எல்லோருக்கும் பொது. டிரம்ஸில் ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் ஆகிய பாகங்களை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சிக்கல் மிக்ஸரில், அதாவது எல்லா மைக்கின் ஒலியையும் சேர்த்துச் சரிசெய்யும் கருவியில். மைக்குக்கு ஒரு சேனல் வேண்டும்; இருப்பது 24 சேனல், டிரம்ஸுக்கே எட்டு மைக். புதிய குழு ஒன்றில் ஏழு பேர், அதில் மூவர் டிரம்பெட், சாக்ஸபோன், டிராம்போன். யார் எங்கே நிற்பார்கள், எத்தனை மைக் வேண்டும் என்று மூன்று தடவை கேட்டேன். வந்த பதில் ஒரு கட்டைவிரல் படம்.

மேடை வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்: முழு சவுண்ட் செக்கை (குழுவை வாசிக்கச் சொல்லி ஒலி அளவைச் சரிசெய்வதை) விட்டுவிட்டு, ஒவ்வொரு மைக்கிலும் ஒலி வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதுமா? பெரிய குழுவை முதலில் வைத்து நிதானமாகத் தயார் செய்யலாமா? அப்படி வைத்தால் வெயில் நேராக மேடையில் விழும், கிட்டார் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும், அதுவும் பயம்.

ஞாயிற்றுக்கிழமை வரிசையை அறிவிக்க வேண்டும். அதற்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.