கருவிழியைத் தொட்டால் முடி வருகிறது: 'ஊடுதெரிவு' சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

வரைகலை மென்பொருளில் மேலே இருப்பதைத் தாண்டி அடியில் உள்ள பொருளைத் தேர்ந்தெடுப்பதை ஆங்கிலத்தில் 'select under' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'கீழ்த்தேர்வு', 'உருவுதெரிவு' என்ற சொற்கள் நம் பேச்சில் வந்தன. 'கீழ்த்தேர்வு' வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்பதை வேலையிலிருந்தே விளக்குகிறேன்.

ஒரு பொம்மை முகம். வெள்ளைவிழியின்மேல் கருவிழி, அதன்மேல் இமை, எல்லாவற்றுக்கும் மேலே நெற்றியில் விழும் முடிக்கற்றை. கருவிழியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்த வேண்டும். மௌஸால் சொடுக்கினால் முடிதான் மாட்டுகிறது. போன வாரம் அதைக் கவனிக்காமல் இழுத்துவிட்டேன். கீஃபிரேம் (அசைவில் ஒரு பொருளின் நிலையைக் குறித்துவைக்கும் பிரேம்) தானாகப் பதியும்படி வேறு வைத்திருந்தேன். ஓட்டிப் பார்த்தால், பார்வை திரும்ப வேண்டிய இடத்தில் முடி காதுப்பக்கம் பறக்கிறது! நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் பிசகிய இடத்தைத் தேடவே அரைமணி ஆனது.

இதற்கு வழி இருக்கிறது. இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருளில் ஆல்ட் விசையோடு சொடுக்கினால் மேலே இருப்பதை விட்டு அதற்கு அடியில் உள்ளதைப் பிடிக்கும். மறுபடி சொடுக்கினால் இன்னும் ஒரு படி உள்ளே போகும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஆல்ட்டோடு சொடுக்கினால் அந்த இடத்தில் உள்ள பொருள்களின் பெயர்களெல்லாம் பட்டியலாக வரும். இந்தச் செயலுக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

திரையில் 'கீழ்' என்றால் கண் கீழ்விளிம்புக்குத்தான் போகும். தமிழ்நாட்டில் 'தேர்வு' என்றால் முதலில் பரீட்சைதான் நினைவுக்கு வரும். இலங்கையில் புழங்கும் 'தெரிவு'க்கு அந்தச் சிக்கல் இல்லை.

'உருவுதெரிவு' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பீரோவில் அடுக்கிய புடவைகளின் நடுவிலிருந்து ஒன்றை உருவுகிற கை அப்படியே கண்ணில் நிற்கிறது. ஆனால் உருவினால் அடுக்கு கலைந்துவிடும். இங்கே கலைவதில்லை, பிடித்த பிறகும் கருவிழி இமைக்கு அடியிலேயேதான் இருக்கிறது. மேலே கொண்டுவருவது வேறு கட்டளை. புதிதாகக் கற்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்.

அதனால் 'ஊடுதெரிவு'. ஊடுகதிர் தோலைக் கிழிக்காமல் எலும்பைக் காட்டுகிறதே, அந்த 'ஊடு'. ஊடுபயிரில் வரும் 'ஊடு'வுக்கு 'இடையே' என்ற பொருள் உண்டு என்பது நியாயமான மறுப்பு. இருந்தாலும் நாம் தேடும் பொருளும் மேலதற்கும் கீழதற்கும் இடையில்தானே கிடக்கிறது? வினையாக எழுதும்போதுதான் கவனம் வேண்டும். 'ஊடித் தேர்ந்தெடு' என்றால் கோபித்துக்கொண்டு தேர்ந்தெடு என்றாகிவிடும். மெனுவில் 'ஊடாகத் தேர்ந்தெடு' என்றே வைக்கலாம்.

பிளெண்டர் காட்டும் அந்தப் பட்டியலுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. 'அடுக்குப் பட்டியல்' என்றால் லேயர் பட்டியலோடு குழம்பும். உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?