செயலி வேண்டாம், குழாய் ஸ்பீக்கர் வாங்குவோம்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். உழவர்களுக்கென்று, வெளியூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் சங்கமே ஒரு செயலி செய்து தரலாம் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தபோது நானும் கை தூக்கினேன். இப்போது இறக்கிக்கொள்கிறேன். காரணம், மார்கழியில் நடந்த ஒரு கூத்து. அதில் கோமாளி நான்தான்.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி தன் சம்பா வயலைப் படம் பிடித்துப் போட்டிருந்தான். பயிர் அங்கங்கே மஞ்சளடித்துக் கிடந்தது. அபுதாபியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்த நான், கூகுளில் இரண்டு பக்கம் மேய்ந்துவிட்டு, "தழைச்சத்துக் குறைவு, யூரியா போடு" என்று எழுதினேன். ஆறு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஆறு பேருமே வெளிநாட்டுவாசிகள்!

சாயந்திரம் கீழத்தெருப் பெரியப்பா, பேரன் போனிலிருந்து ஒரு வாய்ஸ் அனுப்பினார். "படத்தப் பாத்து வைத்தியம் சொல்றவன் எவன்டா? மொதல்ல வயல்ல எறங்கி, குனிஞ்சு பயிரோட அடித்தூரப் பாரு."

தம்பி போய்ப் பார்த்தான். தண்ணீருக்குச் சற்று மேலே, தூர் முழுக்கப் புகையான் அப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பூச்சி அடித்தண்டில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. விட்டால் பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்துபோகும். தழைச்சத்து கூடினால் அதற்குக் கொண்டாட்டம். நான் சொன்னபடி யூரியா போட்டிருந்தால் பூச்சிக்குப் பந்தி வைத்ததாக ஆகியிருக்கும். பெரியப்பா அடுத்த வாய்ஸில் தண்ணீரை வடித்து வயலைக் காயவிடச் சொன்னார். அடுத்த முறை எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விட்டு நடு, காற்றும் வெயிலும் தூருக்கு இறங்கும் என்றார். வேளாண் கல்லூரிப் பாடத்திலும் இதுதான் இருக்கிறது. அவருக்கு அவர் அப்பா சொன்னது.

இதை அவரிடம் எழுதிக் கேட்டிருந்தால் வந்திருக்காது. பேசினார், வந்தது. டெல்டாவில் இது புதுசும் இல்லை. 1960களில் ஆடுதுறை 27 நெல்லைத் திருச்சி வானொலி வயல் வயலாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வந்தது. விதையின் பேரிலேயே அதைச் சொன்ன குரல் ஒட்டிக்கொண்டது.

செயலி விஷயத்துக்கு வருகிறேன். அரசின் உழவன் செயலி 2018 முதல் இருக்கிறது. 1800-180-1551 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். நாம் மூன்றாவதாக ஒன்று செய்து என்ன ஆகப்போகிறது? அதைவிட, பூச்சியை முதலில் பார்ப்பது யார்? களையெடுக்கப் போகிற அக்காமார்கள். அவர்களில் பலரிடம் இருப்பது பட்டன் போன். வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தாலும் மகன் பையில் இருக்கும். குழுவில் அவர்கள் யாருமே இல்லை.

புதுச்சேரி நல்லவாடு கதை சிலருக்கு ஞாபகம் இருக்கும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் 1998 முதல் தகவல் மையங்கள் வைத்தது. 2004 சுனாமியன்று சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் ஆள் ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் தப்பினார்கள். அந்த ஆளும் நம்மைப் போல வெளியூர் போனவர்தான். ஆனால் அவர் போனில் சொன்னதை ஊர் முழுக்கக் கேட்கவைக்க அங்கே ஒரு ஸ்பீக்கர் இருந்தது.

என் யோசனை இதுதான். சேர்ந்திருக்கிற பணத்தில் படிப்பகத்துக்கு ஒரு குழாய் ஸ்பீக்கரும் ஒரு நல்ல போனும் வாங்குவோம். ஊரில் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளம் கொடுப்போம். பெரியவர்களிடமும் களையெடுப்பவர்களிடமும் போய்ப் பேச்சைப் பதிவு செய்வது, மருந்து அளவு வந்தால் வேளாண் அலுவலரிடம் ஒருதரம் கேட்டுச் சரிபார்ப்பது, சாயந்திரம் ஐந்து நிமிடம் போட்டுவிடுவது, இவ்வளவுதான் வேலை. தேதி போட்டுச் சேர்த்து வைத்தால் அடுத்த சம்பாவுக்கும் உதவும். நாம் குழுவில் கேட்கலாம். வைத்தியம் சொல்லக் கூடாது. முதல் தடை எனக்கே.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அப்புறம், படிப்பகச் சாவி யாரிடம் இருக்கிறது? பொங்கலுக்குப் போனபோது பூட்டு துருவேறிக் கிடந்தது.

அன்புடன்,
மேலத்தெருக்காரன், அபுதாபி