ஜாப் சார்னாக் கல்லறை: கல்லில் 1692, புத்தகத்தில் 1693, எதை நம்புவது?

ஊர்சுற்றி:
கொல்கத்தா போயிருந்தபோது ராஜ்பவன் பக்கத்தில் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் சர்ச்சுக்குள் எட்டிப் பார்த்தேன். வளாகத்தில் எண்கோண மண்டபம் ஒன்று, கல்கத்தாவை நிறுவியவர் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அந்த ஜாப் சார்னாக்கின் கல்லறை. உள்ளே கருத்த கல்லில் முழுக்க லத்தீன், எனக்குப் புரிந்தது பேரும் எண்களும்தான். ஜனவரி 10, 1692ல் இறந்ததாக இருக்கிறது, புத்தகங்களிலோ 1693. கல்லில் செதுக்கியவர் தப்பு செய்துவிட்டாரா? அப்புறம், ஊரை நிறுவியவர் என்று அதில் எந்த வரியில் இருக்கிறது?

பழங்கணக்கு:
இரண்டும் சரிதான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் வருடம் மார்ச் 25ல்தான் பிறக்கும், நமக்குச் சித்திரையில் பிறக்கிற மாதிரி. அதனால் ஜனவரி, பிப்ரவரி எல்லாம் முந்தைய வருடக் கணக்கில் போய்விடும். 1752ல்தான் ஜனவரி 1க்கு மாறினார்கள். சந்தேகம் இருந்தால் அதே கல்லில் கீழே பாருங்கள், அவருடைய மூத்த மகள் மேரியும் அங்கேதான் இருக்கிறார், பிப்ரவரி 19 என்று போட்டு வருடத்தை 1696-7 என்று இரட்டையாக எழுதியிருப்பார்கள், பழைய கணக்கில் 1696, இப்போதைய கணக்கில் 1697. அப்பாவுக்கு மட்டும் ஏன் ஒற்றையாக விட்டார்கள் என்று கேட்காதீர்கள், மண்டபம் கட்டிய மருமகன் சார்லஸ் அயரைத்தான் கேட்க வேண்டும்.

வழக்காடி:
நிறுவியவர் என்று எந்த வரியிலும் இல்லை, தேட வேண்டாம். வங்காளத்தில் ஆங்கிலேயரின் ஏஜென்ட், தன்னுடையது அல்லாத மண்ணில் நெடுநாள் அலைந்து நித்திய வீட்டுக்குத் திரும்பியவர், அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. சொந்த மருமகனே சொல்லாத பட்டத்தை நாமாகத்தான் பிற்காலத்தில் கொடுத்தோம். 1690 ஆகஸ்ட் 24ல் அவர் சூதநூதியில் வந்து இறங்கியது உண்மை, ஆனால் அங்கே ஏற்கனவே ஊர்கள் இருந்தன. பின்னால் கல்கத்தாவாகிய சூதநூதி, கோபிந்தபூர், காலிகாதா மூன்றின் உரிமையையும் சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்திடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி 1,300 ரூபாய்க்கு வாங்கியதே 1698ல், மனிதர் இறந்து ஐந்து வருடத்துக்கும் மேலான பிறகு. அந்தக் குடும்பத்தார் தொடுத்த வழக்கில் 2003ல் கல்கத்தா உயர் நீதிமன்றமும் அவரை நிறுவியவர் என்று சொல்லக்கூடாது, ஆகஸ்ட் 24 நகரத்தின் பிறந்தநாளும் இல்லை என்று சொல்லிவிட்டது.

கல்லுளிமங்கன்:
எல்லோரும் எழுத்தையே பார்க்கிறீர்கள், கல்லைப் பாருங்கப்பா! அது சென்னைக் கல். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் கிடைக்கும் நீலம் கலந்த கருங்கல், கப்பலில் போயிருக்கும். லத்தீனில் என்னவோ பளிங்கு என்றுதான் செதுக்கியிருக்கிறார்கள். தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893ல் இந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, இந்த வகைப் பாறைக்கே சார்னாக்கைட் என்று பேர் வைத்தார். ஊர்ப் பட்டம் பறிபோனாலும் பாறையில் பேர் தங்கிவிட்டது.

ஊர்சுற்றி:
போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், 1696-7 இருக்கிறது, நடுவில் இருக்கும் சிறு கோடு வெறும் கீறல் என்று நினைத்து விட்டிருக்கிறேன். பல்லாவரத்தில் இருந்துகொண்டு அந்தக் கல்லைப் பார்க்க ரயிலில் கொல்கத்தா வரை போயிருக்கிறேன் என்று வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.