பாரிஸில் வாட்ச் வாங்கி வந்தால் 30% மிச்சமாம்!
(2024 டிசம்பர் இழை; விதி, சலுகை, தீர்வை எல்லாம் அன்றைய நிலவரம்)

நொடிமுள்: பக்கத்து இழையில் ஒரு புண்ணியவான் "பாரிஸில் வாங்கு, கையில் கட்டு, சென்னையில் இறங்கு, 30% மிச்சம்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு ஆஹா ஓஹோ வேறு. கணக்கைப் போடுங்கள். ஊர்க்கடையில் 6 லட்சம், பாரிஸில் வாட் எனும் விற்பனை வரி சேர்த்து 5.5 லட்சம் என்று வைப்போம். வாட் 20% என்பதால் பில்லுக்குள் இருப்பது 16.67%. பொருளை நாட்டை விட்டு எடுத்துப் போகும் பயணியின் கைக்குத் திரும்புவது சுமார் 12%, மீதியை ரீஃபண்ட் கம்பெனி எடுத்துக்கொள்ளும். 66,000 கழிந்து 4.84 லட்சம். வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி பிடிக்கும் கார்டு மார்க்கப் 3.5%, அதன்மேல் ஜிஎஸ்டி, ஆக 4.13%, அது 22,700. சென்னைச் சுங்கத்தில் 50,000 வரியில்லாச் சலுகை போக மீதி 5 லட்சத்துக்குத் தீர்வை 38.5%, அதாவது 1,92,500. கூட்டினால் ஏறக்குறைய 7 லட்சம். எங்கே மிச்சம்?

துபாய்_திருப்பூரான்: வாத்தியாரே, அந்த 1,92,500 எதுக்கு? கையில கட்டினதுக்கு வரி கிடையாது. பயணிங்க கொண்டு வர்ற சாமானுக்கான 2016 பேகேஜ் விதியில "பயன்படுத்திய சொந்த உபயோகப் பொருள்"னு விலக்கு இருக்கு. வரையறையில நகையைத்தான் தள்ளி வச்சிருக்கான், வாட்ச்சை இல்லை. படிச்சுட்டு வாங்க.

நொடிமுள்: படித்தாயிற்று. அந்த 50,000 சலுகையே "உடம்பில் அணிந்து வந்தாலும் உடன்வரும் பெட்டியில் வந்தாலும்" என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. மணிக்கட்டு தனி நாடு அல்ல. பாரிஸ் ஏர்போர்ட்டில் பெட்டியைப் போடும் முன் பாப்லோ எனும் வாட் ரீஃபண்ட் மெஷினில் படிவத்தை ஸ்கேன் செய்து, "இப்போதுதான் வாங்கினேன், நாட்டை விட்டு எடுத்துப் போகிறேன்" என்று காசு திரும்ப வாங்குகிறீர்கள். பத்து மணி நேரத்தில் அது எப்படிப் பழசாகும்?

சாவி_கொடுக்கணும்: புருஷன் பொண்டாட்டி சேர்ந்து வந்தா ஒரு லட்சம் கழியுமே?

நொடிமுள்: கழியாது. ஒருவர் சலுகையை இன்னொருவர் சலுகையோடு சேர்க்கக் கூடாதென்று விதியிலேயே இருக்கிறது.

துபாய்_திருப்பூரான்: பேச்சை மாத்தாதீங்க. கையில கட்டினது கட்டினதுதான். துபாய்ல வாட் 5%தான், அதுலயும் பெரும்பகுதி திரும்ப வரும், ரீஃபண்ட் சீட்டு ஒண்ணுக்கு 4.80 திர்ஹம் பிடிச்சுக்குவான். உங்க பாரிஸ் யாருக்கு வேணும்?

நொடிமுள்: அது சுற்றுலாப் பயணிக்கு. அங்கேயே குடியிருக்கும் உங்களுக்கு ஒரு திர்ஹம் வராது. தெரிந்துதான் பேசுகிறீர்களா?

துபாய்_திருப்பூரான்: என் சம்பளத்துக்கு அந்த 5% ஒரு காசா?

ஆறுமணி_ஆறு: அப்ப லண்டன்?

நொடிமுள்: 2020 டிசம்பரோடு அங்கே பயணிகளுக்கான வாட் ரீஃபண்ட் போச்சு. ஹாங்காங்கில் விற்பனை வரியே இல்லை; ஆனால் சென்னையில் 38.5% அதேதான். எங்கே வாங்கினாலும் இறங்குகிற இடம் ஒன்று.

ஆறுமணி_ஆறு: ம்யூனிக்ல ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெக்கரையே இந்த ஜனவரியில ஒரு வாட்ச்சுக்காக உட்கார வச்சாங்களே.

துபாய்_திருப்பூரான்: அது ஏலம் விடக் கொண்டு போனது. சொந்த உபயோகத்துக்கு இல்லை. உதாரணம் சொல்லவும் ஒரு தகுதி வேணும்.

ஆறுமணி_ஆறு: தகுதியா? போன மாசம் பேட்டரியில ஓடுற குவார்ட்ஸ் வாட்ச்சுக்கு தினமும் சாவி கொடுக்கச் சொன்ன ஆள்தானே நீங்க?

துபாய்_திருப்பூரான்: அது எழுத்துப் பிழை!!

சாவி_கொடுக்கணும்: சுவிட்சர்லாந்தோட மார்ச்சுல கையெழுத்தான ஒப்பந்தம் அமலுக்கு வந்தா தீர்வை குறையுமாமே?

நொடிமுள்: படிப்படியாக, ஏழு வருஷத்தில். அதுவும் கடைக்காரர் சரக்காக இறக்குமதி செய்வதற்கு. அப்போது ஊர் விலைதான் இறங்கும். கணக்கு இன்னும் என் பக்கம். அப்புறம், சொந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் புறப்படும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள், சீரியல் நம்பரோடு. இல்லாவிட்டால் பழைய வாட்ச்சுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். புதியதைச் சொல்லாமல், வரி கட்ட ஏதுமில்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்து மாட்டினால் பறிமுதல், மீட்க அபராதம், அதற்கு மேல் தண்டம். பில்லைக் கிழித்துப் போடுகிற மேதைகளுக்கு: பில் இல்லாவிட்டால் அதிகாரி இணையத்தில் விலை பார்ப்பார். அங்கே முழு விலைதான் இருக்கும்.

துபாய்_திருப்பூரான்: மாட்டினா பார்த்துக்கலாம். கையில கட்டினா பழசு, அவ்ளோதான்.

நொடிமுள்: எத்தனை நிமிஷம் கட்டினால் பழசு? ஒரு எண் சொல்லுங்கள்.

துபாய்_திருப்பூரான்: முதல்ல நீங்க "வாட்ச்"னு பேர் போட்டு விலக்கு இல்லைன்னு சொல்ற பட்டியலைக் காட்டுங்க.

நொடிமுள்: எண்.

ஆறுமணி_ஆறு: சாவி கொடுத்துட்டு வந்து சொல்வார், பொறுங்க.