1967 மஸ்டாங்: எஞ்சினைக் கழற்றுவதா, தரைவிரிப்பைக் கழற்றுவதா?

புதுச்சக்கரம் கேட்டது:

வணக்கம். மூன்று மாதங்களுக்கு முன் 1967-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை வாங்கினேன். சான் ஹோசே ஆலையில் செய்யப்பட்ட, நிலையான கூரை கொண்ட இரு கதவு ஹார்ட்டாப். வண்டி எண்ணின் ஐந்தாவது இடத்தில் 'சி' என்ற எழுத்து இருப்பதால், இரண்டு பேரல் கார்புரேட்டர் கொண்ட 289 கன அங்குல வி-8 எஞ்சினுடன் ஆலையை விட்டு வெளிவந்தது என்று அறிகிறேன். ஆனால் இப்போது உள்ளே இருப்பது அந்த எஞ்சின்தானா என்பது ஐயமாக உள்ளது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே வார்ப்பில் தெரியும் எண் 'டி' என்று தொடங்குகிறது. கியர்பாக்ஸ் மூன்று கியர் சி-4 ஆட்டோமேட்டிக். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்.

பெயின்ட் புதிது, பளபளப்புக்குக் குறைவில்லை. மழை பெய்த மறுநாள் ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்பு மட்டும் ஈரமாக இருப்பதும், ஹீட்டரைப் போட்டால் ஊறிய சாக்கின் வாடை வருவதும்தான் சற்று உறுத்துகின்றன.

கையில் 25,000 டாலர் இருக்கிறது. எஞ்சினை 347 கன அங்குலமாக மாற்றி, ஐந்து கியர் மேனுவல் பொருத்தி, முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட நினைக்கிறேன். எந்த வரிசையில் தொடங்குவது? இவற்றால் வண்டியின் மதிப்பு கெட்டுவிடுமா?

துருவேட்டை எழுதியது:

எஞ்சினை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அந்த ஈரத் தரைவிரிப்புதான் உங்கள் முதல் வேலை. முன் கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவே, வைப்பர்களுக்குக் கீழே, சீப்புப் பல் போலப் பிளவுகள் கொண்ட தகடு ஒன்று இருக்கும். அதற்கடியில் உள்ள மூடிய தொட்டியைக் கௌல் என்பார்கள். மழைநீர் அதில் விழுந்து இரு ஓரங்களிலும் வழிந்து வெளியேற வேண்டும். வண்டிக்குள் காற்று வருவதற்காக அந்தத் தொட்டியின் அடியில் துளைகள் உண்டு. அவற்றின் வழியே நீர் இறங்காதபடி தொப்பி விளிம்பு போல ஒரு கழுத்தை உயர்த்தி வைத்திருப்பார்கள். அங்கே சேரும் இலைச்சருகு ஆண்டுக்கணக்கில் மக்கி, ஈரத்தைப் பிடித்து வைத்து, அந்தக் கழுத்தின் அடியை அரித்துவிடும். 1965 முதல் 1968 வரையிலான மஸ்டாங்குகளை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள்.

சோதிப்பது எளிது. தரைவிரிப்பை எடுத்துவிட்டு, ஒருவர் டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச்சுடன் மல்லாந்து படுத்துக்கொள்ள, மற்றொருவர் பூவாளியால் அந்தப் பிளவுகளில் மெதுவாக நீர் ஊற்றட்டும். முதலில் ஒரு பக்கம், சற்றுப் பொறுத்து மறுபக்கம்.

புதுப் பெயின்டைக் கண்டு மயங்க வேண்டாம். என்னுடைய முதல் மஸ்டாங்கும் அப்படித்தான் மின்னியது. தரையின் அடிப்புறம் முழுவதும் கருப்பாகத் தார்ப்பூச்சு பூசியிருந்ததால், நல்ல பாதுகாப்பு என்று மகிழ்ந்துபோனேன். பிறகொரு நாள் ஸ்குரூடிரைவரை வைத்து இலேசாக அழுத்தியபோது, நனைந்த அட்டையில் இறங்குவது போல அது கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. ஓட்டையின்மேல் ஃபைபர்கிளாஸ் துணியை ஒட்டி, அதன்மேல் தாரைப் பூசி விற்றிருக்கிறார்கள். நீங்களும் ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு, பின்சக்கர வளைவுகளையும் கதவுகளின் அடிப்பகுதியையும் தடவிப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது தகடன்று, பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி.

பழையஏடு எழுதியது:

மதிப்பைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஃபோர்டின் வார்ப்பு எண்களில் முதல் எழுத்து பத்தாண்டைக் குறிக்கும்: 'சி' என்றால் 1960-கள், 'டி' என்றால் 1970-கள். ஆகவே உங்கள் வண்டியில் இருப்பது பிற்காலத்து எஞ்சின். பெரும்பாலும் 302 ஆக இருக்கலாம். பிறவி எஞ்சின் போய்விட்ட, வண்டி எண்ணில் 'சி' உள்ள ஹார்ட்டாப்பில் 347 பொருத்துவதால் யாரும் கண்ணீர் விடப் போவதில்லை. இதுவே வண்டி எண்ணில் 'கே' என்று குறிக்கப்படும் 271 குதிரைத்திறன் வகையாக இருந்திருந்தால், ஒரு திருகையும் தொடாதீர்கள் என்று எழுதியிருப்பேன்.

இருந்தாலும் ஃபோர்டின் தயாரிப்புப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரப்படும் மார்ட்டி அறிக்கையை வாங்கிவிடுங்கள். அது 1967 முதலான வண்டிகளுக்குக் கிடைக்கிறது. வண்டி எந்த நிறத்தில், எந்தெந்தக் கூடுதல் வசதிகளுடன் பிறந்தது என்பது அதில் தெரியும். இந்த வகையில் ஃபோர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மஸ்டாங்கின் போட்டியாளரான ஷெவர்லேயின் 1967 கமாரோவின் வண்டி எண்ணைப் பார்த்து, அது எஸ்எஸ் என்ற உயர்வேக வகைதானா என்று சொல்ல முடியாது. அதனால்தான் சந்தையில் இத்தனை போலி எஸ்எஸ்கள் உலவுகின்றன.

ஒரு வேண்டுகோள்: மூல உதிரிபாகங்களைக் கழற்றினால், பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள். தகட்டை வெட்டிச் செய்யும் மாற்றங்களைவிட, போல்ட்டில் கழன்று வரும் மாற்றங்களையே தேர்ந்தெடுங்கள்.

நான்குவழிச்சாலை எழுதியது:

துருவேட்டை சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் வண்டியை மொத்தமாகப் பிரித்துப் போட்டுவிட்டு, பிறகு ஆர்வம் வற்றி, பெட்டி பெட்டியாக விற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே வண்டியை ஓடும் நிலையிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேலையாக எடுப்பது நல்லது.

கௌலுக்கு அடுத்தது பிரேக். டிஸ்க் போடும்போது, பெடலை மிதித்ததும் பிரேக் திரவத்தைக் குழாய்களில் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டுவிடாதீர்கள். அதில் டிரம்முக்கான குழாய்வழியில் சிறு அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைக்கும் வால்வு இருக்கும். அதே வால்வு டிஸ்க்கின் வழியில் இருந்தால், பேடுகள் விலகாமல் உரசிக்கொண்டே இருந்து சூடேறிவிடும். பின்சக்கரங்கள் முந்திக்கொண்டு பூட்டிக்கொள்ளாதிருக்க, அழுத்தத்தைப் பங்கிடும் வால்வும் தேவை. டிரம்முக்காகச் செய்த 14 அங்குல இரும்புச் சக்கரங்கள் பல, பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரில் இடிக்கும் என்பதால், வாங்குமுன் அளந்து பாருங்கள்.

347-ஐக் கடைசியில் வையுங்கள். அதைவிட ஐந்து கியர்தான் இந்த வண்டியை மாற்றும். பின் அச்சு விகிதம் 3.00, டயர் விட்டம் 25.5 அங்குலம் என்று கொண்டால், 65 மைல் வேகத்தில் இப்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,570 சுற்று சுற்றும். 0.68 விகித ஐந்தாம் கியர் உள்ள டி-5 என்ற மேனுவல் கியர்பாக்ஸைப் பொருத்தினால் அது 1,750 ஆக இறங்கும். அருகில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேசலாம்! ஆனால் ஆட்டோமேட்டிக்கிலிருந்து மாறுவதால் கிளட்ச் பெடல், குறுக்குச்சட்டம், டிரைவ் ஷாஃப்ட் என்று செலவு கிளை விடும். அன்றைய 289-க்கு எழுதப்பட்ட 200 குதிரைத்திறனும், துணைக்கருவிகள் இல்லாமல் எஞ்சினைத் தனியே ஓட்டி அளந்த மொத்தக் கணக்கு. 1972-இல், துணைக்கருவிகளோடு அளக்கும் நிகரக் கணக்குக்கு மாறியபோது எல்லா வண்டிகளின் எண்ணும் சரிந்தது. எனவே பழைய விளம்பர எண்ணைத் துரத்த வேண்டாம்.

பெட்ரோல் ஹோஸ்களையும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை இளக்கிவிடும். சூடான எஞ்சினுக்கு மேலே அது கசிந்தால் என்னாகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

புதுச்சக்கரம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை பூவாளிச் சோதனை செய்தோம். நான் டார்ச்சுடன் கீழே படுத்திருந்தேன், மனைவி நீர் ஊற்றினார். ஓட்டுநர் பக்கத்தில் அரை நிமிடத்திற்குள் ஒரு துளி என் கண்ணாடிமேல் விழுந்தது. பிறகு நூல் போல ஒழுகத் தொடங்கிவிட்டது. மறுபக்கம் ஹீட்டர் பெட்டியின் மேலும் ஈரம் தெரிந்தது. தரைவிரிப்புக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு ஒட்டுகள் இருந்தன. விரலால் தட்டினால் இரும்பின் ஓசை வரவில்லை. கௌலுக்குள் ஒட்டும் பிளாஸ்டிக் கழுத்துகள் விற்கிறார்களே, அவை போதுமா? தரையை முதலில் வெட்டலாமா?

துருவேட்டை எழுதியது:

பிளாஸ்டிக் கழுத்து ஒரு பருவத்தைத் தள்ளிப்போட உதவும்; சுற்றியுள்ள தகடே போயிருந்தால், ஒட்டுவதற்கு இடமே இருக்காது. முறையான வழி, முன் கண்ணாடியையும் ஃபெண்டர்களையும் கழற்றி, கௌலின் மேல்தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு விடுவித்து, கீழ்த்தகட்டைச் சரிசெய்து, துருத்தடுப்புப் பூச்சும் சீலரும் பூசி மீண்டும் மூடுவது. பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் இதைச் செய்யாமல் கீழே புதுத் தகடு போட்டால், அடுத்த மழையில் அதன்மேலும் நீர் சொட்டும்.

தரையை வெட்டுமுன் ஒன்றை மனத்தில் வையுங்கள். மஸ்டாங்குக்கு, ஷெவர்லேயின் ஷெவெல் காரைப் போல உடலுக்கு அடியில் தனி இரும்புச் சட்டம் கிடையாது. உடலே சட்டம், தரையும் பாரம் தாங்குகிறது. ஆகவே வண்டியைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, கதவு வாசல்களில் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்த பிறகே அறுவைச் சக்கரத்தை எடுங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போங்கள். தொடங்குமுன் கதவுகளைச் சுற்றியுள்ள இடைவெளியை அளந்து, அந்த எண்களை மாஸ்கிங் டேப்பில் எழுதிக் கதவின்மேலேயே ஒட்டிவையுங்கள்.